கடைசிப் பல்லில் நின்ற சீட்

அத்தியாயம் 9

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்தபோது ஹாரன் அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இந்த வாரமும் அங்கேதான் நிற்கிறாள். வேறெங்கே போவாள்? ஆபரேஷன் முடிந்து இன்றோடு இருபத்திரண்டு நாள். கட்டில், ஜன்னல், குளியலறை, மறுபடி கட்டில். இப்போதைக்கு அவளுடைய ரூட் அவ்வளவுதான்.

ஏழு வருஷமாக அவள் ஓட்டிய ரூட் வேறு. பள்ளிக்கூட வேன். பதினேழு பிள்ளைகள், பதினோரு வாசல், வாசலுக்கு இரண்டு ஹாரன். மூன்றாவது ஹாரன் அடித்ததாகச் சரித்திரமே கிடையாது. இரண்டாவதிலேயே பிள்ளைகள் ஷூ லேஸைக் கட்டியும் கட்டாமலும் ஓடி வந்துவிடும். பிள்ளைகள் வைத்த அந்தப் பெயரையே பெற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

ஏழு வருஷத்தில் ஒரு நாள் தாமதம் கிடையாது. கடைசி மூன்று வருஷம் மாதா மாதம் ரத்தம் கொட்டோ கொட்டென்று கொட்டியபோதும், சீட்டில் கறுப்புத் துணியை மடித்துப் போட்டுக்கொண்டு ஓட்டியிருக்கிறாள். கர்ப்பப்பை முழுக்கக் கட்டி, எடுத்துவிடுவதுதான் நல்லது என்று டாக்டரம்மா சொன்னபோது, இவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"திரும்ப எப்ப வண்டி எடுக்கலாம்?"

"ஆறு வாரம்" என்றார் டாக்டரம்மா.

அந்த ஆறு வாரத்துக்கு யார் ஓட்டுவது என்று பிரின்சிபால் அம்மா கேட்டதற்கு, சின்னவள் பெயரைச் சொன்னதும் இவள்தான். சின்னவள் என்றால் ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. மாடியில் குடியிருக்கிறாள். மருந்துக்கடையில் பார்த்த வேலையை விட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் இவளேதான். ஆக, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். அந்த மண் இன்னும் கண்ணில் உறுத்துகிறது.

காலை ஏழு இருபது. வாசலில் வேன் உறுமியது. வேனுக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் வந்தது.

ஹாரன் அக்காவின் வண்டியில் பாட்டு கிடையாது. கவனம் சிதறும் என்பது அவள் சட்டம். சின்னவளோ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே பாடுகிறாள். எதிர் வீட்டு அழுமூஞ்சிப் பயல், வேன் வந்தால் கேட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டுகிறவன், இன்றைக்கு ஹாரனுக்கு முன்னாலேயே தெருவில் வந்து நின்றான்.

"பாட்டு அக்கா! நேத்து விட்ட இடத்துலேர்ந்து!"

பாட்டு அக்காவாம். இருபத்திரண்டு நாளில் பெயர் வைத்துவிட்டார்கள். இவளுக்குப் பெயர் வைக்க இதே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் பிடித்தது.

"ஜன்னல்ல என்ன பண்றே?" டீயோடு வந்து நின்றார் கணவர். லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குக் கிளம்புகிற அவசரத்திலும் மனைவிக்கு டீ போட்டுக்கொடுத்துவிட்டுத்தான் போவார்.

"காத்து வாங்கறேன்."

"எப்படி இருக்கு காத்து?"

"எரியுது."

அவருக்குப் புரியவில்லை. நல்ல மனிதர்களுக்கு இந்த மாதிரி விஷயங்கள் லேசில் புரிவதில்லை. டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, தானாகவே போய்க் குழியில் விழுந்தார்.

"சின்னவ நல்லா ஓட்டறாளாம். எதிர் வீட்டுக்காரர் சொன்னார். வண்டி கொஞ்சம்கூடக் குலுங்கலையாம்."

"ஓ! அப்ப நான் ஓட்டினப்ப குலுங்குச்சா?"

லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களையெல்லாம் வெளியே எடுக்கிற மனிதர், தான் மாட்டிக்கொண்டால் வழி தெரியாமல் முழிப்பார். முழித்தார். பிறகு, எல்லாக் கணவர்களையும் போல, பேச்சை ஃப்ரிட்ஜ் பக்கம் திருப்பினார்.

"பேப்பர்ல என்ன போட்டிருக்கு, ஞாபகம் இருக்கில்ல? தண்ணி நிரம்பின கெட்டிலைவிடக் கனமா எதையும் தூக்கக் கூடாது. இருமினா தலையணையை வயித்துல அணைச்சுக்கணும். பத்து நிமிஷம் நடை. அதுக்கு மேல வேண்டாம்."

ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்தத் தாளை அவர் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தார். அவருக்கு அதுதான் சட்டப் புத்தகம். முந்தாநாள் இவள் அரிசி டப்பாவை நகர்த்தியதற்கு, கெட்டிலை ஒரு கையிலும் டப்பாவை ஒரு கையிலும் தூக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர்.

அவர் போன பிறகு ஹாரன் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு இப்படித் திடீர் திடீரென்று வருகிறது. போன கர்ப்பப்பைக்காக அவள் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விட்டதில்லை. தொல்லை விட்டது என்றுதான் இருந்தாள். ஆனால் சீட்டை அவள் யாருக்கும் கொடுத்துவிடவில்லை. துண்டு போட்டு இடம் பிடித்து வைக்கிற மாதிரி, கொஞ்ச நாள் பிடித்து வை என்றுதான் சொன்னாள். பிடித்தவள் இப்போது சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாளே!

பொறாமைதான். வேறு நல்ல பெயர் எதுவும் அதற்கு இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

ஒன்பது மணிக்குச் சின்னவள் டிரிப் முடிந்து வந்தாள். வேனை வாசலில் நிறுத்திவிட்டு நேராக உள்ளே வந்து மாத்திரை அட்டையை எடுத்து எண்ணினாள். மருந்துக்கடைப் பழக்கம் போகுமா?

"காலை மாத்திரை போட்டாச்சு, சரி. அக்கா, நேத்து வயிறு சுத்தமாப் போச்சா?"

"ஜன்னலை நல்லாத் திறந்து வச்சுட்டுக் கேளு. தெருவுக்கே சேர்த்துச் சொல்லிடறேன்."

சின்னவள் சிரித்தாள். கோபப்பட்டால்கூடத் தேவலை, இந்தப் பெண்ணுக்குக் கோபமே வராது.

"முக்கினா உள்ள தையலுக்கு ஆகாதுக்கா, அதான் கேட்டேன். தண்ணி நிறையக் குடிங்க. அப்புறம் ஒரு சேதி. அழுமூஞ்சி இன்னைக்கு அழவே இல்ல!"

"பார்த்தேன்."

"நர்ஸ் போன வாரம் சொன்னாங்க இல்ல, நல்லாத் தேறிட்டு வரீங்கன்னு. இப்படியே இருந்தாப் போதும். வண்டியைப் பத்திக் கவலையே படாதீங்க. நான் பார்த்துக்கறேன்."

நான் பார்த்துக்கறேன். சின்னவள் மாடிக்குப் போய் வெகு நேரம் ஆகியும் அந்த இரண்டு வார்த்தை கீழேயே சுற்றிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொள்கிறேன் என்றவர்கள் அப்படியே வைத்துக்கொண்ட கதை எத்தனை கேட்டிருக்கிறாள்!

பதினொரு மணிக்கு ஹாரன் அக்கா ஃப்ரிட்ஜ் முன்னால் போய் நின்றாள். தாளில் கீழிருந்து மூன்றாவது வரி: 'ஆறு வாரத்துக்குப் பிறகு, வண்டி ஓட்டத் தொடங்கும் முன், நிறுத்தி வைத்த வண்டியில் உட்கார்ந்து பிரேக்கைச் சட்டென்று முழுவதும் மிதித்துப் பாருங்கள். வலி இல்லையென்றால் ஓட்டலாம்.'

அவள் கண்ணில் பட்டது அந்த வரியின் பின்பாதி மட்டும்தான். வலி இல்லையென்றால் ஓட்டலாம். நர்ஸே சொல்லியாயிற்று, நல்லாத் தேறிட்டு வரீங்கன்னு. மிதித்துப் பார்த்துவிட்டால் என்ன?

மாற்றுச் சாவி அவள் பீரோவில்தான் இருந்தது. மாடியில் வாஷிங் மெஷின் ஓடும் சத்தம். பத்து நிமிஷ நடை என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டு, வாசலில் நின்ற வேனின் கதவைத் திறந்தாள்.

படி முழங்கால் உயரம். கைப்பிடியைப் பற்றி மெதுவாக ஏறினாள். ஏறினால் உட்கார முடியவில்லை. அவள் ஒட்டகம் மாதிரி உயரம், சின்னவள் அவள் தோளுக்கு வருவாள். சீட்டை முன்னால் தள்ளி, அது போதாதென்று பூப்போட்ட குஷன் ஒன்றையும் போட்டிருந்தாள். ஹாரன் அக்காவின் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.

முதலில் குஷன் பின்சீட்டுக்குப் பறந்தது.

அடுத்தது சீட். அந்த வண்டியின் சீட் ஒரு முரட்டுக் கழுதை. அடியில் தண்டவாளம் மாதிரி ஒரு பட்டை, அதில் ஒன்பது பல். கம்பியைத் தூக்கிக்கொண்டு, இரண்டு குதிகாலையும் தரையில் ஊன்றி ஒரே தம்மில் பின்னால் தள்ள வேண்டும். ஏழு வருஷமாக அது அவளுக்காகக் கடைசிப் பல்லிலேயே நின்றது. சின்னவளுக்காக முன்னால் கொண்டுவர, இவள் கணவர் எண்ணெய் விட்டு அரை நாள் மல்லுக்கட்டினார்.

ஹாரன் அக்கா குதிகாலை ஊன்றினாள். தள்ளினாள். அடிவயிற்றில் சுருக்கென்றது. இன்னொரு தடவை தள்ளினாள். கடகடவென்று ஓடி, கடைசிப் பல்லில் போய் டக்கென்று உட்கார்ந்தது சீட்.

ஆஹா! அந்தச் சத்தத்தில் இருந்த சுகம்! கால் நீட்டினாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். பதினேழு காலி இருக்கையும் அதில் வரிசையாகத் தெரிந்தன. வெயில் கண்ணில் அடித்தது, தலைக்கு மேலிருந்த மறைப்புப் பலகையைக் கீழே இழுத்தாள்.

மடியில் ஒரு கவர் விழுந்தது.

பள்ளிக்கூட முத்திரை போட்ட கவர். ஏழு வருஷமாக அந்த முத்திரையோடு வந்த கவரெல்லாம் இவள் கைக்குத்தான் வந்திருக்கின்றன. விரல் பழக்கத்தில் பிரித்துவிட்டது. ஓரம் கிழிந்தது. முன்னால் இருந்த தாளை உருவினாள்.

'கடந்த மூன்று வாரங்களாகத் தாங்கள் வண்டி ஓட்டிவரும் விதத்தைப் பெற்றோர் பலரும் மனமாரப் பாராட்டியுள்ளனர். வரும் கல்வியாண்டிலும் தாங்கள் இப்பணியில் தொடர வேண்டுமென்று விரும்புகிறோம். வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் தெரிவிக்கவும்.'

கடந்த மூன்று வாரங்கள். ஏழு வருஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவளுக்குக் காது இரண்டும் சூடாயிற்று. காலையில் மாத்திரையை எண்ணினாளே, வயிறு சுத்தமா என்று கேட்டாளே, இதைப் பற்றி வாயைத் திறந்தாளா? கமுக்கம்! பால் குடிக்கிற பூனை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு என்ன கமுக்கம்! தாளைத் தாறுமாறாக மடித்துக் கவருக்குள் திணித்து, கவரை நைட்டிப் பாக்கெட்டில் செருகினாள்.

வந்த வேலை இன்னும் பாக்கி. பிரேக்கில் காலை வைத்து லேசாக மிதித்தாள். வலி இல்லை. குறுக்கே ஒரு குழந்தை ஓடி வருவதாக நினைத்துக்கொண்டு, மொத்தக் கோபத்தையும் காலில் இறக்கி, ஓங்கி மிதித்தாள்.

அடிவயிற்றில் யாரோ கொக்கி போட்டு இழுத்த மாதிரி இருந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து மூச்சு வாங்கினாள். படியில் இறங்கும்போது தொடைக்கு நடுவே வெதுவெதுப்பாக ஏதோ கசிந்தது.

குளியலறையில் பார்த்தாள். இத்தனை நாளும் எப்போதாவது படும் பழுப்புக் கறை இல்லை இது. நல்ல சிவப்பு. இப்படி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் அந்தத் தாளில் ஒரு வரி இருந்தது. அவள் அந்தப் பக்கமே போகவில்லை. நாப்கின் மாற்றிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள். கவர் தலையணை உறைக்குள் போயிற்று.

மதியம் சாப்பாடு கொண்டுவந்த சின்னவளிடம், சுவரைப் பார்த்தபடியே, "தூக்கம் வருது, வச்சுட்டுப் போ" என்றாள்.

இரண்டரை மணிக்குச் சின்னவள் படியிறங்கும் சத்தம் கேட்டது. வேன் கதவு திறந்தது. எஞ்சின் சத்தம் வரவில்லை. இரண்டே நிமிஷத்தில் சின்னவள் கட்டில் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, வண்டியில ஏறினீங்களா?"

"நானா? நான் ஏன் ஏறப் போறேன்?"

"சீட் கடைசிப் பல்லுல நிக்குது. என் கால் கிளட்சுக்கு எட்டவே இல்ல."

"உன் மாமா ஏதாவது பண்ணியிருப்பார்."

"காலையில நான் ஓட்டிட்டு வந்தேனே அக்கா. மாமா எட்டு மணிக்கே வேலைக்குப் போயிட்டார். இந்த வீட்டுல அவ்வளவு நீளக் கால் உங்க ஒருத்தருக்குத்தான்."

ஹாரன் அக்கா போர்வைக்குள் காலை இழுத்துக்கொண்டாள். திருடன் கால் தடத்தை விட்டுவிட்டு வருவான் என்பார்கள். இவள் காலின் நீளத்தையே விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"அது போகட்டும். எவ்வளவு இழுத்தும் முன்னால வரமாட்டேங்குது. மாமாவுக்கு அடிச்சேன், எடுக்கல. மூணு மணிக்குப் பெல் அடிச்சிடும். பிள்ளைங்க வெயில்ல நிக்கும்."

இங்கே ஹாரன் அக்காவுக்கு ஒரு நிமிஷம் கெட்ட புத்தி வந்ததை மறைக்க மாட்டேன். நிற்கட்டுமே என்று நினைத்தாள். பாட்டு அக்கா ஒரு நாள் தாமதமாக வந்து பெயரைக் கெடுத்துக்கொள்ளட்டுமே! வெள்ளிக்கிழமைக்குள் அவர்களே மனதை மாற்றிக்கொள்வார்கள்.

அப்புறம் அந்த அழுமூஞ்சியின் முகம் ஞாபகம் வந்தது. கடைசிப் பிள்ளை போகும்வரை உதட்டைப் பிதுக்கிக்கொண்டே நிற்பான். எழுந்துவிட்டாள்.

"அதுக்கு ஒரு வித்தை இருக்கு. வா, சொல்றேன்."

வாசலில், வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னவள் சீட் நுனியில் தொற்றிக்கொண்டிருந்தாள்.

"கம்பியைத் தூக்கு. இன்னும். வலது பக்கம் முதல்ல ஆட்டு. இப்ப ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு இடுப்பை முன்னால தள்ளு. அப்படி இல்ல, ஒரே தம்ல! அதுக்குப் பயந்தா நகராது."

மூன்றாவது முயற்சியில் சீட் கடகடவென்று முன்னால் ஓடியது. தன் சீட் தன்னைவிட்டுப் போகும் சத்தத்தைத் தானே சொல்லிக்கொடுத்துக் கேட்டாள் ஹாரன் அக்கா. சின்னவள் சிரித்துக்கொண்டே திரும்பினாள். திரும்பியவளின் பார்வை கீழே போயிற்று. சிரிப்பு நின்றுவிட்டது.

"அக்கா, உங்க கால்ல..."

கணுக்காலில் சிவப்பாக ஒரு கோடு இறங்கி, செருப்பில் முடிந்திருந்தது.

"எப்பலேர்ந்து?"

"இப்பத்தான்..."

"அக்கா!"

"பதினொரு மணிலேர்ந்து."

சின்னவள் குதித்து இறங்கினாள். ஒரு கையில் இவள் தோளை அணைத்து, மறு கையால் பின்கதவைத் திறந்தாள். "மெதுவா ஏறுங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"முதல்ல பள்ளிக்கூடம் போ. பிள்ளைங்களை எடுத்துட்டு அப்புறம் போகலாம்."

"முடியாது."

"ஏழு வருஷம்டி! ஒரு நாள்கூட அந்த வண்டி லேட்டாப் போனதில்ல!"

"லேட்டாப் போறது நான்தானே, நீங்க இல்லையே. என் பேர்ல எழுதிக்கட்டும்."

அவளுக்குக் கோபமே வராது என்று சொன்னேன் இல்லையா, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சின்னவள் குரல் நடுங்கியது. போனை எடுத்துப் பிரின்சிபால் அம்மாவிடம் பேசினாள். பிள்ளைகளை உள்ளேயே உட்காரவைக்கச் சொன்னாள், நாற்பது நிமிஷம் ஆகும் என்றாள், காரணம் கேட்டதற்கு "என் தப்புதான் மேடம்" என்றாள். மருந்துக்கடையில் வேலை பார்த்தவளுக்கு ரத்தத்தின் நிறமும் தெரியும், அவசரமும் தெரியும்.

ஹாரன் அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாகப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். காலையில் தான் எறிந்த பூப்போட்ட குஷனை எடுத்து வயிற்றில் அணைத்துக்கொண்டாள். முன்னால் சின்னவளின் குட்டை முதுகு, இறுகிப்போன தோள். பாட்டு இல்லை. பள்ளத்தில் மெல்ல இறக்கினாள், மேட்டில் மெல்ல ஏற்றினாள். சந்து முனைகளில் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்தாள்.

வண்டி குலுங்கவில்லை. வலியைவிட அதுதான் வயிற்றெரிச்சலாக இருந்தது. ஓட்டுவதில் முந்துகிறாள், சரி. நல்லவளாக இருப்பதிலுமா முந்துவாள்?

ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, நர்ஸிடம் நாள் கணக்கும் மாத்திரைப் பெயரும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டுத்தான் சின்னவள் பிள்ளைகளை எடுக்க ஓடினாள்.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

"நல்ல நேரம். தையல் பிரியல. ஒரு இடத்துல ஆறிட்டு வந்த புண் கிளறிக்கிட்டிருக்கு. ரத்தம் இப்ப நின்னுடும். என்ன பண்ணினீங்க?"

"பிரேக்கை மிதிச்சுப் பார்த்தேன் டாக்டர். தாள்ல போட்டிருந்துச்சு."

"எத்தனை வாரத்துக்கு அப்புறம்னு போட்டிருந்துச்சு?"

ஹாரன் அக்கா கூரையைப் பார்த்தாள்.

"வெளித் தழும்பு காஞ்சுட்டா எல்லாம் ஆறிடுச்சுன்னு நினைக்கறீங்க. உள்ள ஆறறது உங்க கண்ணுக்குத் தெரியாது. நடங்க, நல்லாச் சாப்பிடுங்க, தூங்குங்க. உங்க வேலை இப்ப அது மட்டும்தான். சிவப்பா ரத்தம் வந்தா உடனே வரணும், மூணு மணி நேரம் ஒளிச்சு வைக்கக் கூடாது."

"அப்ப வண்டி?"

"இன்னைக்குத்தான் முதல் நாள்னு வச்சுக்கங்க. இன்னைலேர்ந்து ஆறு வாரம்."

ஆறு வாரம்! இருபத்தொரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டியதெல்லாம் தண்ணீரில் போயிற்று. அந்த மூன்று வாரத்தையும் தன் குதிகாலாலேயே தள்ளிச் சின்னவள் மடியில் போட்டிருக்கிறாள். கேட்காமலே.

செய்தி கேட்டு ஓடிவந்த கணவரின் சட்டையெல்லாம் கிரீஸ். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கெட்டில் கெட்டில்னு உயிரை வாங்கறேன்னு உனக்கு எரிச்சல். தெரியும். நீ திரும்ப அந்த சீட்டுல உட்காரணும்னுதாண்டி நான் இவ்வளவு காவல் காக்கறேன். அந்த வண்டி இல்லாம உன்னால இருக்க முடியாதுன்னு எனக்குத் தெரியாதா?"

அவள் அழுதாள். இந்தத் தடவை காரணம் இருந்தது. ஆனால் தலையணை உறைக்குள் இருப்பதை அவரிடமும் சொல்லவில்லை. சொன்னால், எடுத்துச் சின்னவளிடம் கொடு என்பார். நல்ல மனிதர்.

ஆறு மணிக்கு வீடு வந்தார்கள். கணவர் கட்டிலில் படுக்கவைத்து, இரண்டு தலையணை வைத்து முதுகைச் சாய்த்து, இருமலுக்கென்று வைத்திருந்த மூன்றாவது தலையணையை மடியில் வைத்தார். காலையில் கவர் போனது அந்த மூன்றாவதின் உறைக்குள்தான். பிறகு அவர் கெட்டிலில் தண்ணீர் வைக்கப் போனார்.

சின்னவள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். முகம் வாடியிருந்தது.

"பிள்ளைங்க?" என்றாள் ஹாரன் அக்கா.

"எல்லாரையும் விட்டாச்சு. அழுமூஞ்சி மட்டும் அழுதான். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கீங்கன்னு சொன்னேன், அதுக்கு அழுதான். நான் பாடியும் நிக்கல."

ஹாரன் அக்காவுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு சின்னப் பிள்ளை அழுததற்குச் சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் கொஞ்சம் கூடுதல்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். நீங்க வண்டியில ஏறினப்ப, மேல மறைப்புல ஒரு கவர் வச்சிருந்தேன், பார்த்தீங்களா?"

"கவரா? இல்லையே."

"காலையில பிரின்சிபால் அம்மா குடுத்தாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பிரிங்கன்னாங்க. சாயங்காலம் மாமாவும் வந்துடட்டும், எல்லாருமாப் படிக்கலாம்னு வண்டியிலேயே விட்டுட்டேன். நான் இன்னும் பிரிச்சே பார்க்கல."

"என்ன கவராம் அது?"

"தெரியல. ரெண்டு கடுதாசி இருக்காம். ஒண்ணு எனக்கு. ஒண்ணு உங்களுக்கு."

இரண்டா? ஹாரன் அக்கா உருவியது முன்னால் இருந்த ஒரே ஒரு தாளைத்தான். அதைத் திணித்தபோது உள்ளே வேறு ஏதாவது இருந்ததா? கோபத்தில் எதுவும் கவனத்தில் இல்லை. தன் பெயருக்கு வந்தது இன்னும் படிக்கப்படாமல், தன் கைக்கு அடியிலேயே கிடக்கிறது. ஏழு வருஷத்துக்கு நன்றியா? இல்லை, இனி வர வேண்டாம் என்றா?

"எங்கேயாவது விழுந்திருக்கும். நாளைக்குத் தேடிப் பாரு" என்று சொல்லப் போனாள். பாதி சொல்வதற்குள் தொண்டையில் கரகரப்பு ஏறிக்கொண்டு வந்தது. அடக்கிப் பார்த்தாள். முகம் சிவந்தது. இருமல் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

"தலையணை, தலையணை! நல்லா அணைச்சுக்கங்க!" பதறிப்போன சின்னவள், மடியிலிருந்த தலையணையைத் தன் கையாலேயே எடுத்து அக்காவின் அடிவயிற்றில் வைத்து அழுத்தினாள்.

தலையணைக்குள் காகிதம் மொடமொடத்தது.

இருமல் நின்றது. சின்னவள் கையை எடுக்கவில்லை.